ஆயாவின் தைல பாட்டில்

 

நாளைக்குப் போகி. இரண்டு நாளாக வீட்டில் ஒட்டடை அடிப்பதும் பரணைக் காலி செய்வதுமாக இருக்கிறோம். முந்தாநாள் என் மருமகள் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "அத்தை, இந்த பாட்டிலெல்லாம் இந்த வருஷமாவது எடுத்துடலாமா? தூசி தட்டியே கை ஓஞ்சு போவுது" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. நல்ல பெண். தூசி தட்டுவது அவள்தான், அதனால் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

போன மாதம் நான் போட்ட படத்தில் என் பின்னால் ஜன்னலில் வரிசையாக இருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு உங்களில் பலபேரும் கேட்டிருந்தீர்கள். "என்ன டீச்சர், வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஒரு பையன். (பையன் என்கிறேன், அவனுக்கு 45 வயது.) எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பீரியட் முடிகிற மணி அடிக்க இங்கே யாரும் இல்லை.

அவை எல்லாம் பழைய மருந்து பாட்டில்கள். மொத்தம் 143. எல்லாமே கண்ணாடி, எல்லாமே காலி. 2017இல் ஓய்வு பெற்ற பிறகுதான் ஒழுங்காகச் சேர்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டில். அது ஜன்னலில் இருக்காது, பீரோவில் துணிக்கு நடுவே இருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

எங்கே கிடைக்கிறது என்று கேட்கிறீர்கள். காஞ்சிபுரத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடு கட்டுவது வருஷம் பூராவும் நடக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் தறி இருந்த வீடுகள் நம் கண்ணெதிரே மாறிப்போயின. இடிக்கும்போது பரணிலிருந்தும் மாடக்குழியிலிருந்தும் பின்கட்டு மண்ணிலிருந்தும் பாட்டில்கள் வரும். அவை நேராகக் காயலாங்கடைக்குப் போகும். அப்படி ஒரு கடை வைத்திருப்பவன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். பழைய மருந்து பாட்டில் வந்தால் தனியாக ஒரு அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு, "டீச்சர், உங்க பசங்க வந்திருக்காங்க" என்று போன் செய்வான். காசு கொடுத்தால் வாங்க மாட்டான். "வாய்ப்பாடு சொல்லாம நின்னதுக்கு எத்தனை தடவை விட்டிருக்கீங்க, அதுல கழிச்சுக்குங்க" என்பான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை கழுவுவது. உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் முகர்ந்து பார்க்கவே கூடாது. பழைய மருந்துகளில் பாதரசம் சேர்ந்தவையும் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு, வெந்நீர் சோப்புடன் ஒரு பிடி அரிசியையும் போட்டுக் குலுக்கினால் உள்பக்கம் சுத்தமாகும். சில பாட்டில்களில் என்ன செய்தாலும் வெள்ளைப் புகைபோல ஒரு படலம் நிற்கும். பல வருஷம் ஈர மண்ணில் கிடந்து, கண்ணாடியின் மேல்பரப்பே அரித்துப் போயிருக்கும். சேகரிப்பாளர்கள் இதை 'நோய்பட்ட கண்ணாடி' என்று சொல்வார்கள். மருந்து வைத்த பாட்டிலுக்கே நோய்! எனக்கு அந்தப் பாட்டில்கள் மேல் தனிப் பிரியம் உண்டு.

இனி கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்க தோஷம்.

ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தால் முதலில் அதன் பக்கவாட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். அச்சு இரண்டாகப் பிரிந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று மேலே ஏறும். அந்தக் கோடு கழுத்திலேயே நின்றுவிட்டால், உடம்பை அச்சில் ஊதிவிட்டு வாயை மட்டும் ஒரு ஆள் கையால் முடித்திருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லலாம். கோடு உதடு வரை ஏறிப் போனால் இயந்திரத்தில் செய்தது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் தானாகவே பாட்டில் செய்யும் இயந்திரத்தை 1903இல் கொண்டுவந்தார். அதன் பிறகு கையால் ஊதுவது மெல்ல மெல்லக் குறைந்தது. நம் நாட்டில் அது அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை. அதனால் கோட்டை மட்டும் பார்த்து வயது சொல்லக்கூடாது. அடிப்பகுதி, வாய், கார்க் அடைப்பா திருகு மூடியா, கண்ணாடிக்குள் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையை ஒரு பரீட்சை மார்க்கை வைத்து எடை போடக்கூடாது என்பேனே, அதே கதைதான்.

அடுத்தது நிறம். பழைய பாட்டில்களில் வரும் இளம் பச்சை யாரும் வேண்டுமென்று போட்டதல்ல. மணலில் இருக்கும் இரும்பினால் தானாக வருவது. அதைப் போக்கி வெள்ளையாக்க மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் செய்த கண்ணாடி பல வருஷம் வெயிலில் கிடந்தால் லேசான ஊதா நிறம் ஆகிவிடும். என்னிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. பழுப்பு நிறத்துக்குக் காரணம் உண்டு. வெளிச்சத்தில் கெட்டுப்போகும் மருந்துகளை அது காப்பாற்றும். கருநீலம் கோபால்ட் என்ற உலோகத்தால் வருவது. மில்க் ஆஃப் மக்னீசியா பாட்டிலும் விக்ஸ் டப்பியும் அந்த நீலத்தில் இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தீர்ந்த பிறகு அந்த நீலக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்துத் திட்டு வாங்காத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை.

அமிர்தாஞ்சனம் டப்பி என்னிடம் ஒன்பது இருக்கிறது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய கம்பெனி அது. பிறகு சென்னைக்கு வந்தது. ஆரம்பத்தில் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்து மக்களைப் பழக்கினாராம். அந்த லாபத்தில் பத்திரிகையும் நடத்தினார், சுதந்திரப் போராட்டத்துக்கும் செலவு செய்தார். உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் இன்னும் பழசு. வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஊரில் 1851இல் செய்தது. அது நம் ஊர்த் திண்ணை வரைக்கும் வந்து, 'கிரேப் வாட்டர்' ஆகி, திராட்சையில் செய்தது என்று பாதிப் பேரை நம்பவும் வைத்துவிட்டது.

நம் நாட்டிலேயே கண்ணாடி செய்ய வேண்டும் என்று சுதேசிக் காலத்தில் ஆளுக்கு ஒரு பைசா என்று வசூலித்து, பூனா பக்கத்தில் தளேகாவில் 1908இல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார்கள். 'பைசா ஃபண்ட்' என்றே அதற்குப் பெயர். என்னிடம் இருப்பதில் எதுவும் அங்கே செய்ததா என்று அடையாளம் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரப்பர் மூடி போட்ட ஊசி மருந்துக் குப்பிகளும் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின். பூனா அருகே பிம்ப்ரியில் அரசாங்கத் தொழிற்சாலை 1954இல் ஏற்பட்ட பிறகு இவை நம் நாட்டிலேயே தயாராயின. ஸ்ட்ரெப்டோமைசின் குப்பி ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் எதிர்வீட்டு மாமா ஞாபகம் வருவார். அவரும் நெசவுதான். காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் சானட்டோரியத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பதுதான் பேச்சு. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான், வீட்டிலேயே வைத்து ஒழுங்காக மருந்து கொடுத்தாலும் சானட்டோரியத்தில் குணமாவது போலவே குணமாகும் என்று நிரூபித்தது. 1959இல் அந்த முடிவு வெளிவந்து உலகத்தையே மாற்றியது. எதிர்வீட்டு மாமா சானட்டோரியம் போகவில்லை. வீட்டிலிருந்தபடியே தேறி, அப்புறம் இருபது வருஷம் தறியில் உட்கார்ந்தார். அவர் ஊசி போட்டுக்கொண்டு வந்து கொடுத்த காலிக் குப்பியில்தான் நான் பல்பக் குச்சித் துண்டுகளைப் போட்டு வைத்திருந்தேன்.

காலி பாட்டில் என்று ஒன்று எங்கள் வீடுகளில் இருந்ததே இல்லை. மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. நல்லெண்ணெய் வாங்க ஒன்று, தைலத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் விட முக்கியம், ஆஸ்பத்திரிக்கு ஒன்று.

இளம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அப்போது பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டு போக வேண்டும். டாக்டர் சீட்டு எழுதுவார். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து மிக்ஸ்சரை நம் பாட்டிலில் ஊற்றித் தருவார். பாட்டில் இல்லையென்றால் வாசலில் விற்பவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். தனியார் டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் என்றால் இன்னும் அழகு. ஒரு காகிதத்தை நீளமாக மடித்து, ஓரத்தைக் கத்தரிக்கோலால் பல்லுப் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். அடியில் தூள் தங்கிவிடும் என்பதால் குலுக்கிக் கொடுக்கச் சொல்லி அனுப்புவார். அந்தக் காகிதம் ஒட்டிய பாட்டில் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஆறு பல். நான்கு வேளைதான் குடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது, கீழே இரண்டு பல் அளவுக்கு உள்ளே கறை. மீதி இரண்டு வேளை ஏன் குடிக்கவில்லை என்று யோசிப்பேன். குணமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வேன்.

இப்போது பீரோவில் இருக்கும் பாட்டிலுக்கு வருகிறேன்.

1969ஆம் வருஷம். பிப்ரவரியில் அண்ணா மறைந்து ஊரே அழுத வருஷம் என்பதால் மறக்காது. ஐப்பசி மழை. எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. தம்பிக்கு நாலு வயது. அவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கூடவே இழுப்பு. முதல் நாள் அம்மா தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். இரண்டு நாள் மருந்து கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் மறுபடி வாங்கி வர வேண்டும். சேலை அறுக்க வேண்டிய நாள். அப்பா குழியை விட்டு எழ முடியாது. அம்மா பிள்ளையை விட்டு நகர முடியாது. சீட்டையும் பாட்டிலையும் என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

வாங்கிவிட்டேன். சிவப்பு மிக்ஸ்சர். கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் வரும்போது தரை சேறாக இருந்தது. வழுக்கிவிட்டது. முழங்காலில் அடிபட்டது கூடத் தெரியவில்லை. சேற்றில் சிவப்பாக ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்பாவுக்குக் கை நீளம். அது எங்கள் உறவில் எல்லோருக்கும் தெரியும், அவரும் இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன். பாட்டில் உடைந்தது என்று வீட்டுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகவும் பாட்டில் இல்லை, காசும் இல்லை. சாயம் போடும் வீடு ஒன்றின் பின்பக்கம் போனேன். அங்கே குப்பையில் ஒரு பாட்டில் கிடந்தது. பக்கத்திலேயே பட்டு நனைத்த சிவப்புச் சாயத் தண்ணீர் ஒரு அண்டாவில் இருந்தது.

அதைத்தான் ஊற்றிக்கொண்டு போனேன்.

இந்த வரியை எழுத எனக்கு 55 வருஷம் ஆகியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை என்ன நினைத்துச் செய்தாள் என்று இப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. நிறம் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு வேளை அடி வாங்காமல் தப்பிக்கலாம் என்பதைத் தாண்டி யோசிக்கவில்லை.

வீட்டில் மருந்து புகட்டுவது ஆயா, அப்பாவின் அம்மா. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சங்கில் ஊற்றினாள். ஊற்றும்போது விரலில் வழிந்தது. முந்தானையில் துடைத்தாள். போகவில்லை. முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "மருந்து கெட்டுப் போயிருக்குது, மாத்திக்கினு வரேன்" என்று மட்டும் சொன்னாள். பின்கட்டுக்குப் போய் அந்தப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்து மதிலுக்கு அந்தப்பக்கம் எறிந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. மாதம் ஒரு தடவை நாட்டு மருந்துக் கடையில் தைலம் வாங்கி ஒரு பச்சைப் பாட்டிலில் வைத்திருப்பாள். யாரையும் தொட விடமாட்டாள். அந்தத் தைலத்தை ஒரு கொட்டாங்கச்சியில் கவிழ்த்தாள். பாதி தரையில் போனது. பாட்டிலைச் சாம்பலும் வெந்நீரும் போட்டு மூன்று தடவை கழுவினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மழையில் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். போகும்போதும் வரும்போதும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். அன்று சாயந்தரம் தம்பிக்கு மருந்து கிடைத்தது. நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

ஆயாவின் வலது ஆள்காட்டி விரல் பத்துப் பதினைந்து நாள் சிவப்பாகவே இருந்தது. பட்டுக்குப் போடுகிற சாயம் அவ்வளவு லேசில் போகுமா? அப்பா கேட்டதற்கு, "மருதாணி வெச்சுப் பாத்தேன்" என்றாள். அந்த விரலால்தான் எனக்குச் சோறு ஊட்டினாள். அந்தக் கார்த்திகை கடைஞாயிறுக்கு அதே கச்சபேஸ்வரர் கோயிலில் தலையில் மாவிளக்குச் சட்டி எடுத்தாள். தம்பிக்காக வேண்டிக்கொண்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்காகவும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது வருஷம் கழித்து, 1978இல் ஆசிரியர் பயிற்சி முடிக்கும் சமயம், தோழிகளோடு சென்னைக்குப் போனபோது மூர் மார்க்கெட்டுக்குப் போனோம். 1985இல் தீப்பிடித்து எரிந்து போன அதே மூர் மார்க்கெட்தான். பழைய புத்தகம் வாங்கப் போன இடத்தில் பழைய பாட்டில் கடை ஒன்று இருந்தது. அங்கே ஆயாவின் பாட்டில் மாதிரியே ஒன்று. ஆறு பட்டை, பச்சை நிறம், மூன்று பட்டைகளில் மேலிருந்து கீழ் வரை வரிவரியாகப் புடைப்பு, நடுவில் ஆங்கில எழுத்து. கடைக்காரப் பெரியவர் என் விரலைப் பிடித்து அந்த வரிகளில் தேய்த்துக் காட்டினார். "கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் தெரியுதா பாப்பா? விஷ பாட்டில். தடவுற மருந்து, விஷ மருந்தெல்லாம் இதுலதான் ஊத்துவாங்க. ராத்திரி வெளிச்சமில்லாம எடுத்துக் குடிச்சிடக்கூடாதுன்னுதான் இந்த வரி" என்றார். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அப்படித் தவறிக் குடித்துச் செத்தவர்கள் அதிகம் என்பதால் வந்த ஏற்பாடு அது. எழுத்தைப் படித்தேன். 'நாட் டு பி டேக்கன்'. உள்ளே சாப்பிடக் கூடாது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பாட்டிலிலா தம்பிக்கு மருந்து வாங்கி வந்தோம்?

வீட்டுக்கு வந்ததும் ஆயாவிடம் தனியாகச் சொன்னேன். "ஆயா, உன் தைல பாட்டில்ல என்ன எழுதியிருக்குது தெரியுமா? குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குது." அதுவரை அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கே கம்பவுண்டரு ஐயா சொல்லிட்டாரு. இது தடவுற பாட்டிலாச்சேம்மா, வேற இல்லையான்னாரு. இல்லீங்க சாமின்னேன். அவரே வாங்கி, சுடுதண்ணி ஊத்தி ஊத்திக் கழுவி, மோந்து பாத்துட்டுத்தான் மருந்து ஊத்தினாரு. இதுல எழுதியாவது இருந்துச்சு. நீ ஊத்திக்கினு வந்தியே, அதுல என்னாடி எழுதியிருந்துச்சு?"

அவ்வளவுதான் அவள் என்னைக் கேட்டது. திட்டவில்லை. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். 1984இல் இறந்தாள். அதுவரை அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் பெட்டியிலிருந்து மற்றவர்கள் சேலையும் வெற்றிலைப் பெட்டியும் எடுத்துக்கொண்டார்கள். நான் இந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கலாம். ஸ்லேட்டை உடைத்துவிட்டேன், மை கொட்டிவிட்டேன் என்று தானாக வந்து சொன்ன பிள்ளையை நான் அடித்ததே இல்லை. 'டீச்சர் ரொம்ப இளகின மனசு' என்று பெற்றோர் சொல்வார்கள். இளகின மனசெல்லாம் இல்லை. வந்து சொல்கிற பிள்ளையை அடித்தால், அடுத்த பிள்ளை வந்து சொல்லாது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

காலி பாட்டிலைப் பார்த்து அதில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வயது சொல்லலாம், ஊர் சொல்லலாம். உள்ளே இருந்ததைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். எனக்கும் 65 வயதாகிவிட்டது. நான் போய்விட்டால் மருமகளுக்கு அது 143இல் சேராத இன்னொரு பாட்டில், அவ்வளவுதான்.

அதனால் நேற்று ராத்திரி தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வது நியாயமில்லை. அவனுக்கும் 60 ஆகப் போகிறது. நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் தொங்கவிட்டவன். முழங்கால் போய்விட்டது என்று போன வருஷம்தான் தறியை நிறுத்தினான்.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னான்: "அக்கா, ஆயா விரல் ஒண்ணு மட்டும் செவப்பா இருந்தது எனக்கு ஞாபகம் இருக்குது. ஏன் ஒரே ஒரு விரல்ல மருதாணி வெச்சிருந்தாங்கன்னு எத்தனையோ தடவை நெனைச்சிருக்கேன். நான் கனவுதான் கண்டேனோன்னு கூட இருந்துச்சு."

நான் அழுதுவிட்டேன். அவன்தான், "சரி விடுக்கா, நான்தான் இருக்கேனே" என்றான். அப்புறம், "அந்தப் பாட்டிலை எனக்குக் குடுத்துடு" என்றான்.

பொங்கலன்று காலையில் சீர் எடுத்துக்கொண்டு வருவான். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், எனக்கொரு சேலை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம் கூடத் தவறவிட்டதில்லை. கொண்டுவந்த பையை வெறும் பையாகத் திருப்பி அனுப்பக்கூடாது, பாத்திரத்தை வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது என்று ஆயா சொல்வாள். இன்று காலையில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பிண்ட தைலம் வாங்கி வந்தேன். பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அதில் நிரப்பிப் புதுக் கார்க் போட்டு வைத்திருக்கிறேன். தரையில் பாதி கொட்டிப்போன தைலத்துக்குப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, இதையும் நீ படிப்பாய். அது தடவுற எண்ணெய். பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. குடித்துவிடாதே.

மற்ற 143 பாட்டில்களைப் பற்றி மருமகளிடம் ஒரு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. போகிக்கு எதுவும் போகாது. தை மாதம் முதல் தூசி தட்டும் வேலை என்னுடையது. யாருக்காவது பழைய மருந்து பாட்டில் கிடைத்தால் எறிந்துவிடாமல் எனக்குச் சொல்லுங்கள். அதோடு, அது யார் வீட்டில் இருந்தது, யாருக்கு என்ன உடம்புக்கு வாங்கியது என்பதையும் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பாட்டிலை விட எனக்கு அந்தச் சீட்டுதான் வேண்டும்.

எல்லோரும் நன்றாக இருங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், சர்க்கரைப் பொங்கல் இருக்கும்.

அன்புடன்
உங்கள் டீச்சர்